ஆவி சொன்னால் சாட்சியமாகுமா? (வாசகர் கேள்வி – பதில்)

மாநகரத்தில் பேய்களும் நதித் தேவதைகளும் மந்திரவாதிகளும் குடியிருக்க, அங்கே நடக்கும் குற்றங்களைக் காவல்துறை விசாரிக்கும் ஆங்கில நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில்.

கேள்வி: கொலையைப் பார்த்த ஆவியே வந்து கொலைகாரன் இன்னான் என்று சொல்லிவிட முடியுமானால், அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது? முதல் அத்தியாயத்திலேயே கதையை முடித்துவிடலாமே? (வாசகர், திருச்சி)

பதில்: பென் ஆரனோவிச் 2011-இல் வெளியிட்ட ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ நாவல் ஏறக்குறைய உங்கள் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில், குளிர்கால இரவொன்றில், தலை துண்டிக்கப்பட்ட உடல் கிடந்த இடத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட நாடாவுக்குக் காவலாகப் பீட்டர் கிராண்ட் என்ற இளம் காவலர் நிற்கிறார். உடன் நின்ற பெண் காவலர் காபி வாங்கப் போயிருக்கும் நேரத்தில், செயின்ட் பால் தேவாலயத்தின் முகப்புத் தூண்களுக்கிடையே ஒருவர் தோன்றி, நடந்ததைத் தாம் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். பார்த்தவரோ எப்போதோ செத்துப்போனவர். பீட்டருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, சாட்சி பேச முன்வந்தால் குறிப்பேட்டை எடுத்துப் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே. அவரும் அப்படியே விசாரிக்கிறார். ஆனால் எழுதியதை எந்த மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? ஆவி சொன்னது அவருக்கு உண்மையாகவே படுகிறது. ஆயினும் மறுநாள் காலை மேசைமேல் வைக்கத்தக்க தாள் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அதைத் தேடுவதுதான் மீதி நாவல்.

இது கற்பனையில் மட்டும் எழுந்த சிக்கலும் அன்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில், கிரீன்பிரையர் மாவட்டத்தில், 1897 ஜனவரியில் ஸோனா ஷூ என்ற இளம்பெண் இறந்தார். கணவர் தாமே உடலுக்கு ஆடை அணிவித்து, உயர்ந்த கழுத்துப்பட்டையால் கழுத்தை மறைத்து, மருத்துவரைக் கிட்ட நெருங்கவிடாமல் தலையை அணைத்தபடி அமர்ந்திருந்தார். சில வாரங்களில் அந்தப் பெண்ணின் தாய், மகளின் ஆவி தொடர்ந்து சில இரவுகள் வந்து, கணவன் தன் கழுத்தை முறித்துவிட்டதாகச் சொன்னது என்று அரசு வழக்கறிஞரிடம் போய் முறையிட்டார். உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தபோது கழுத்து முறிந்திருந்தது. கணவர் ஆயுள் தண்டனை பெற்றார். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் ஆவியின் பேச்சையே எடுக்கவில்லை. முறிந்த கழுத்தை வைத்தே வழக்கை நடத்தியது. தாயாரைக் கேலிக்கு உள்ளாக்கலாம் என்று நம்பிக் குறுக்கு விசாரணையில் ஆவியை இழுத்து வந்தவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரே. அது அவருக்கே பாதகமாக முடிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். செத்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று நமக்கு யார் சொன்னது? ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922-இல் எழுதிய ‘தோப்புக்குள்’ கதையில், கொலையுண்டவனின் ஆவி குறி சொல்பவள் வாயிலாக வாக்குமூலம் கொடுக்கிறது; அது மற்றவர்களின் வாக்குமூலங்களோடு ஒத்துப்போவதே இல்லை. சாட்சிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியதே தவிர, வழக்கு ஓர் அங்குலமும் நகரவில்லை.

கேள்வி: துப்பறியும் கதையில் அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை என்று விதி இருப்பதாகப் படித்திருக்கிறேன். இந்த எழுத்தாளர்கள் அதை மீறுகிறார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விதி இருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்பவர் 1929-இல் வகுத்த பத்துக் கட்டளைகளில் இரண்டாவது அது. நாக்ஸ் கத்தோலிக்கப் பாதிரியார் என்பது கூடுதல் சுவை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அற்புதங்களுக்கு இடம் கொடுத்தவர் துப்பறியும் கதையில் கொடுக்க மறுத்துவிட்டார். வாசகரும் துப்பறிபவரும் ஒரே தகவல்களை வைத்துக்கொண்டு போட்டியிட வேண்டும், எழுத்தாளர் கடைசி அத்தியாயத்தில் மடியிலிருந்து மந்திரத்தை எடுத்து நீட்டக் கூடாது என்பதே அவருடைய அச்சம்.

இதே அச்சம் அறிவியல் புனைகதைக்கும் இருந்தது. எதிர்காலக் கருவி எதை வேண்டுமானாலும் செய்யும் என்பதால் அங்கே துப்பறியும் கதை சாத்தியமே இல்லை என்று பதிப்பாசிரியர் ஜான் கேம்ப்பெல் சொல்லப்போக, அதற்கு மறுப்பாகவே ஐசக் அசிமோவ் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலை எழுதினார். நூலாக வந்தது 1954-இல். தம் ரோபோக்களால் எது முடியும், எது முடியாது என்பதை முன்கூட்டியே வாசகரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் கொலையை விசாரிக்கத் தொடங்குகிறார். 1960-களில் ராண்டல் காரெட் என்பவர் மந்திரத்துக்கும் இதே நியாயத்தைப் பொருத்தினார். அவருடைய டார்சி பிரபு கதைகளில் மந்திரத்துக்குத் திட்டவட்டமான விதிகள் உண்டு. தடயவியல் நிபுணராக வரும் மந்திரவாதி, இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் புறப்பட்டதா என்பதை அந்த விதிகளின்படி சோதித்துச் சொல்வாரே தவிர, கண்ணை மூடிக் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட மாட்டார்.

ஆரனோவிச் இந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் போகிறார். அவர் கதையில் மந்திரம் நடந்த இடத்தில், அருகிலுள்ள மின்னணுக் கருவிகளின் சில்லுகள் பொடியாகிவிடுகின்றன. பீட்டர் எந்த அளவு மந்திரத்துக்கு எவ்வளவு சேதம் என்று உட்கார்ந்து சோதனை செய்து பார்க்கிறார். மந்திரத்துக்கு மிஞ்சி ஆட்பட்டவரின் மூளை சிதைந்துபோகிறது. பிரேதப் பரிசோதனை மேசையில் மருத்துவர் அதை எடுத்துக் காட்டுகிறார். மந்திரத்துக்குத் தடயம் உண்டு என்றால் மந்திரவாதிக்கு எதிராக வழக்கும் உண்டு. இந்த எழுத்தாளர்கள் நாக்ஸின் விதியை மீறினாலும், அவர் எதற்காக அந்த விதியை வகுத்தாரோ அதைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். எல்லாரும் அப்படியில்லை. நாயகனுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் புதுப்புது சக்தி முளைக்கும் தொடர்கள் சந்தையில் ஏராளம். அவற்றைக் குற்றப்புனைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: லண்டன் கதையில் நதிகள் எதற்காக மனிதர்களாக வருகின்றன? (வாசகர், கொழும்பு)

பதில்: லண்டனின் வரலாறே காரணம். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாகி, நாற்றம் தாளாமல் நாடாளுமன்றமே திணறியது. அதன் பிறகே பொறியாளர் பேசல்கெட் நகருக்கடியில் பெரும் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தார். ஃப்ளீட், டைபர்ன் போன்ற கிளை நதிகள் இன்று தெருக்களுக்கு அடியில்தான் ஓடுகின்றன. நாவலில், அந்த நாற்றம் பொறுக்காமல் தேம்ஸின் பழைய நதித்தேவர் மேலாற்றுக்குப் போய்விடுகிறார். காலியான இடத்துக்குப் பிற்காலத்தில் வருபவர், செவிலியர் பயிற்சிக்காக நைஜீரியாவிலிருந்து வந்த பெண். இருவருக்குமிடையிலான எல்லைத் தகராறில் சமாதானம் பேசக் காவல்துறைதான் போகிறது. அந்த நகரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இப்படிச் சண்டையாக்கிக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கேள்வி: எந்த நூலிலிருந்து தொடங்குவது? (வாசகி, கோவை)

பதில்: ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’. அதுவே அமெரிக்காவில் ‘மிட்நைட் ரயட்’ என்ற பெயரில் வெளிவந்தது. வேறு நூல் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். தனியார் துப்பறிவாளர் பாணி பிடிக்குமென்றால், சிகாகோவில் மந்திரவாதி ஒருவர் தொலைபேசி விவரப் புத்தகத்தில் விளம்பரம் கொடுத்துத் தொழில் நடத்தும் ஜிம் புச்சரின் ‘ஸ்டார்ம் ஃப்ரண்ட்’ (2000) இருக்கிறது. அந்தத் தொடரின் முதல் நூலான இது சற்றுக் கரடுமுரடானது.

கேள்வி: நம் மரபில் இப்படி எதுவும் இல்லையா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இருக்கிறது, அதுவும் நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் நாற்சந்தியில் காவல் இருந்த சதுக்கப்பூதம், போலித் துறவியர், நம்பிக்கைத் துரோகம் செய்த அமைச்சர், பொய்ச்சாட்சி சொல்பவர் முதலானோரைப் பாசக்கயிற்றால் பிணித்து அடித்துத் தின்னும் என்று இந்திரவிழாவூரெடுத்த காதை பட்டியலிடுகிறது. பட்டியலில் இல்லாத குற்றத்தில் அது தலையிடுவதாகச் சொல்லவில்லை. அடைக்கலக் காதையில், பத்தினி ஒருத்திமீது பொய்ச்சாட்சி கூறியவனைப் பூதம் பிடித்துக்கொள்ள, அவன் தாயின் துயரம் பொறாத கோவலன் பாசக்கயிற்றுக்குள் தானே புகுந்து, அவனுக்குப் பதிலாகத் தன்னுயிரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். தீயவன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொள்ளும் வழக்கம் தன்னிடம் இல்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. பசித்த பூதம்கூட ஆள் மாறாட்டத்துக்கு இணங்கவில்லை. இதைவிடக் கறாரான காவல் அதிகாரியை எந்த ஆங்கில நாவலிலும் நான் கண்டதில்லை.

பழையனூர் நீலி கதை இதற்கு நேர் எதிர். அங்கே பேய்தான் புகார்தாரர். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகன் ஒருவனைக் காட்டி, இவன் என் கணவன் என்று அவையில் முறையிடுகிறது. குழந்தையும் வணிகனை அப்பா என்று அழைக்கிறது. அவையிலிருந்த எழுபது வேளாளரும் அதை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி அவனை அவளோடு அனுப்பிவைக்க, விடிவதற்குள் அவன் செத்துக்கிடக்கிறான்; சொன்ன சொல்லுக்காக எழுபதின்மரும் தீப்பாய்கிறார்கள். போலித் தடயத்தை நம்பி அளிக்கப்பட்ட தீர்ப்பு என்றே இதை வாசிக்கலாம்.

கேள்வி: சென்னையை வைத்து இத்தகைய நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆய்வாளருக்கு ஓர் ஆவி தகவல் கொடுக்கிறது. சட்டப்படி அதை என்ன செய்வது என்று புரியாமல் கதை நின்றுவிட்டது. (வாசகி, சென்னை)

பதில்: மரண வாக்குமூலம் என்ற வழியில் போகலாம் என்று தோன்றும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, இறந்துபோனவர் தம் மரணத்தின் காரணம் பற்றிக் கூறியதை ஏற்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. ஆனால் அந்தச் சலுகை, கூறியவர் இனி நீதிமன்றத்துக்கு வர முடியாது என்பதால் கொடுக்கப்பட்டது. உங்கள் ஆவி நடமாடுகிறது, பேசுகிறது என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்பார். நகைச்சுவை நாவலென்றால் அந்தக் காட்சியை விடாதீர்கள்.

மற்றபடி எளிய வழி ஒன்று இருக்கிறது. ‘நம்பத்தகுந்த ரகசியத் தகவலின் பேரில்’ என்ற தொடர் காவல்நிலையக் காகிதங்களில் அன்றாடம் புழங்குவது. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பழைய சட்டத்தின் 125-ஆம் பிரிவே சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் ஆய்வாளர் தகவல் தந்தவரைப் பற்றி வாய் திறக்க வேண்டியதில்லை. ஆவி காட்டிய இடத்தில் கத்தியைக் கைப்பற்றி, சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) எழுதி, அதிலுள்ள ரத்தக்கறையைத் தடய அறிவியல் துறைக்கு அனுப்பினால் போதும். அந்த நள்ளிரவில் அந்த இடத்துக்கு வந்து மகஜரில் கையெழுத்துப் போட இரண்டு பேரை அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதை மட்டும் ஓர் அத்தியாயமாகவே எழுதுங்கள்.