முதல் தெரிவு யாருக்கு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் நடக்கும் ட்ராஃப்ட் லொத்தரைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். புதிதாக வரும் இளம் வீரர்களை எந்த அணி முதலில் தெரிவு செய்வது என்பதை, அதிகம் தோற்ற அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கிப் பார்த்து முடிவெடுக்கிறார்களே, அந்த விஷயம்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதை இவ்வளவு பேர் கவனிக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தோற்றுப்போன அணிக்குத்தான் நல்ல வீரர் என்று முடிவெடுத்தாயிற்று. அப்படியென்றால் கடைசியாக வந்த அணியைக் கூப்பிட்டு நேரே கொடுத்துவிட வேண்டியதுதானே? இடையில் எதற்குக் குலுக்கல்?
– ஆசிரியர் ஒருவர், கல்லடி

நேரே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள் சேர். 1966 முதல் 1984 வரை, இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த இரண்டு அணிகளுக்கும் இடையில் காசு சுண்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 1969இல் சுண்டியபோது பீனிக்ஸ் தோற்றது, மில்வோக்கி வென்றது. பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட வீரர் மில்வோக்கிக்குப் போனார், 1971இல் அந்த அணி சம்பியன். இப்படியொரு ஆள் கடைசி இடத்தில் காத்திருக்கிறார் என்றால், பருவத்தின் கடைசி மாதத்தில் வெல்வதற்கு யாருக்கு மனம் வரும்? 1984இல் ஹூஸ்டன் வேண்டுமென்றே தோற்கிறது என்று பலத்த குற்றச்சாட்டு எழுந்தது, அவர்கள் காசு சுண்டியும் வென்று ஹக்கீம் ஒலாஜுவனை எடுத்தார்கள். (அந்த வருடம் மைக்கல் ஜோர்டன் மூன்றாவதாகத்தான் போனார், அது வேறு கதை.) மறு வருடமே லொத்தர் வந்துவிட்டது.

ஆக, குலுக்கல் வந்த காரணம் ஒன்றுதான்: கடைசியாக வருவது கைமேல் பலனாக இருக்கக் கூடாது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, தன் அணி தோற்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு ஒரு ரசிகரைத் தள்ளுவது எந்த விளையாட்டுக்கும் கேடு. ஒரு குலுக்கல் நியாயமானதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், யாருக்கு விழுந்தது என்பதை அல்ல.

கேள்வி: எங்கள் கணித ஆசிரியர் வகுப்பில் இந்த லொத்தரைச் சொல்லி 1,001 என்று ஒரு எண்ணை எழுதினார். மணி அடித்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

மகள், பெட்டிக்குள் 14 பிங்பொங் பந்துகள், 1 முதல் 14 வரை இலக்கமிட்டவை. அவற்றில் நான்கை எடுப்பார்கள். எந்த ஒழுங்கில் வந்தாலும் பரவாயில்லை, எந்த நான்கு இலக்கங்கள் என்பதுதான் கணக்கு. 14, 13, 12, 11 நான்கையும் பெருக்கினால் 24,024. நான்கு பந்துகளை 24 விதமாக ஒழுங்குபடுத்தலாம் என்பதால் 24ஆல் வகுத்துவிடுங்கள், 1,001 வரும். அதில் 11, 12, 13, 14 என்ற ஒரு சேர்க்கையை யாருக்கும் கொடுப்பதில்லை, அது வந்தால் திரும்பவும் குலுக்குவார்கள். மிச்சம் சரியாக 1,000, அதைத்தான் பிளே ஓஃப் சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்கும் பங்கிடுகிறார்கள். 2019இல் வந்த விதிப்படி மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140, அடுத்ததற்கு 125, பிறகு 105, 90 என்று குறைந்துகொண்டே போய், பதினான்காவது அணிக்கு வெறும் 5.

அந்த அறையில் நடப்பதைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் பிடிக்கும். இயந்திரத்துக்குள் பந்துகள் 20 விநாடி சுழன்ற பிறகு முதல் பந்து மேலே வரும், அதற்குப் பிறகு 10 விநாடிக்கு ஒன்று. நேரம் பார்க்கிறவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நேரம் வந்ததும் கையை உயர்த்துவார். எந்தப் பந்து எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியக் கூடாது. இப்படி முதல் நான்கு இடங்களுக்கு மட்டும் குலுக்கிவிட்டு மிச்சத்தைத் தோல்விக் கணக்கின்படியே வரிசையாக விட்டுவிடுவார்கள். அதனால் மிக மோசமான அணி ஐந்தாம் இடத்துக்குக் கீழே போக முடியாது. ஏன் என்று நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 2025 பெப்ரவரியில் டலஸ் அணி தன் நட்சத்திர வீரர் லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. மே மாதம் அதே டலஸுக்கு 1.8 வீத வாய்ப்பில் முதல் தெரிவு விழுந்தது, எல்லாரும் தேடிய இளம் வீரர் கூப்பர் ஃபிளாக்கை எடுத்துக்கொண்டார்கள். இதை நம்பச் சொல்கிறீர்களா அண்ணன்? கடையில் நாங்கள் பேசி முடித்துவிட்டோம், இது டொன்சிச்சைக் கொடுத்ததற்குக் கைமாறாக ஏற்கனவே செய்து வைத்த வேலை.
– வாசகர் ஒருவர், காத்தான்குடி

நம்பத்தான் சொல்கிறேன் தம்பி. சந்தேகம் புதிதல்ல, லொத்தரோடேயே பிறந்தது. 1985இல் ஏழு அணிகளின் பெயரையும் ஏழு உறைகளில் போட்டு ஒரு உருளைக்குள் சுற்றினார்கள், அப்போதைய ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ன் கையை விட்டு எடுத்தார், நியூயோர்க் நிக்ஸ் வந்தது, பற்றிக் யூவிங் நியூயோர்க்குக்குப் போனார். அந்த உறையை மட்டும் குளிரூட்டி வைத்திருந்தார்கள், கையில் பட்டதும் தெரிந்துகொண்டார் என்று ஒரு கூட்டம், மூலை மடிந்திருந்தது என்று இன்னொரு கூட்டம். இன்றைக்கும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு கை இருந்தது, எடுக்கிற கை, அதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது. இப்போது கை இல்லை, காற்றுத்தான் பந்தைத் தூக்குகிறது. அணிகளின் பிரதிநிதிகள், கணக்காய்வு நிறுவனத்தார், பத்திரிகையாளர்கள் எல்லாரும் தொலைபேசிகளைக் கொடுத்துவிட்டு அந்த அறைக்குள்ளேயே இருக்கிறார்கள், ஒளிபரப்பு முடியும்வரை வெளியே வர முடியாது. டலஸிடம் ஏமாந்து போகிறவரின் ஆள் அங்கேயே நின்று பார்க்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் கணக்கைப் பாருங்கள். மிக மோசமான மூன்று அணிகளின் வாய்ப்பையும் கூட்டினால் 42 வீதம். அதாவது இந்த மூன்றுக்கும் வெளியே இருந்து ஒன்று வெல்வதற்கு 58 வீதம் இருக்கிறது. யாராவது ஒரு 'எதிர்பாராத' அணி வெல்வதுதான் எதிர்பார்க்க வேண்டியது! 2019 முதல் 2025 வரை ஏழு வருடமாக, பட்டியலில் அடியில் நின்ற அணிக்கு ஒருமுறைகூட முதல் தெரிவு விழவில்லை. சதி போலத்தான் தெரியும். ஆனால் 14 வீத வாய்ப்பு ஏழு முறையும் தவறுவதற்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது, கையடக்கத் தொலைபேசியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய அதிசயம் 1993இல் நடந்தது. அந்த வருடம் ஓர்லாண்டோ 41 வெற்றி, 41 தோல்வி, 66 பந்துகளில் அவர்களுக்கு ஒன்றே ஒன்று. முந்தைய வருடம்தான் முதல் தெரிவில் ஷகீல் ஓ'நீல் கிடைத்திருந்தார். திரும்பவும் அவர்களுக்கே விழுந்தது. அதற்குப் பிறகுதான் விதியை மாற்றி, நான் மேலே சொன்ன 14 பந்து முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் உங்கள் கடையில் எழும் அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது, அதை நான் குறைசொல்ல மாட்டேன். தொலைக்காட்சியில் உறைகளைப் பதினான்காம் இடத்திலிருந்து பின்னோக்கிப் பிரித்துக்கொண்டு வருவார்களே, அதில்தான் உயிர் இருக்கிறது. 2025இல் பதினோராம் இடத்துக்கான உறையில் டலஸ் என்று வந்திருக்க வேண்டும், வந்தது போர்ட்லண்ட். அந்த ஒரு உறையிலேயே தெரிந்துவிட்டது, டலஸ் முதல் நான்குக்குள் குதித்துவிட்டது என்று. நமக்கு அது விடியற்காலை, எழும்பியிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை: அணிகளின் வரிசையைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், யாருடைய பெயர் தன் இடத்தில் வரவில்லை என்று பாருங்கள். பார்க்கும் சுவையே வேறு.

கேள்வி: டிற்றொயிட் ரசிகன் நான். 2023இல் கடைசி இடம், விழுந்தது ஐந்தாம் தெரிவு. அடுத்த பருவத்தில் தொடர்ந்து 28 தோல்வி, திரும்பவும் கடைசி இடம், திரும்பவும் ஐந்தாம் தெரிவு. பலவீனமானவனைக் கைதூக்கிவிடத்தானே இது? இதில் எங்கே நியாயம்?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

இதற்குத்தான் எனக்கும் பதில் சொல்ல மனம் கனக்கிறது. அவர்கள் வேண்டுமென்று தோற்கவில்லை, உண்மையாகவே முடியாமல் தோற்றார்கள். 2018 வரை மிக மோசமான அணிக்கு 25 வீதம் இருந்தது. பிலடெல்பியா போன்ற அணிகள் வருடக்கணக்காகத் தோல்வியையே திட்டமாக்கி, 2015-16இல் 82 ஆட்டங்களில் வெறும் 10 வென்று முதல் தெரிவையும் எடுத்த பிறகு, அதை 14 ஆகக் குறைத்தார்கள். 2019 விதிப்படி ஐந்தாம் இடத்துக்கு விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 48 வீதம். ஏமாற்றுகிறவரைப் பிடிக்க விரித்த வலையில் உண்மையாகக் கஷ்டப்படுகிறவரும் அகப்பட்டுக்கொள்கிறார். நான் அதை மறைக்கப் போவதில்லை, ஆனாலும் 25ஐ விட 14தான் சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் யார் முடியாமல் தோற்கிறார், யார் நடிக்கிறார் என்று ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல எவராலும் முடியாது.

2013இல் பொஸ்டன் அணியின் மைக் ஸரன் என்பவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: குலுக்கலே வேண்டாம், 30 அணிகளும் 30 வருடத்தில் ஒவ்வோர் இடத்தையும் ஒருமுறை சுற்றி வரட்டும். நம் ஊரில் பெண்கள் பிடிக்கும் மாதச் சீட்டில் இலக்கத்தை முன்னரே பிரித்து வைப்பார்களே, யாருக்கு எந்த மாதம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் இரண்டு முறை எடுக்க முடியாது, அதே மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீட்டில் எந்த மாதம் எடுத்தாலும் அதே காசு, இங்கே ஒரு வருடம் லெப்ரோன் ஜேம்ஸ் வருவார், இன்னொரு வருடம் பெயர் சொல்ல ஆள் இருக்காது. முடியாமல் கிடக்கும் அணி தன் முறைக்குப் பத்து வருடம் காத்திருக்கவும் வேண்டும். திட்டம் நிறைவேறவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

உங்களுக்கு ஒரு ஆறுதல்: 2021இல் முதல் தெரிவாக வந்த கேட் கன்னிங்ஹாமை வைத்தே டிற்றொயிட் 2024-25இல் 44 ஆட்டங்கள் வென்றது. ஐந்தாவதாக எடுத்த பிள்ளைகளும் அந்தப் பருவத்தில் அதே அணியில்தான் ஆடினார்கள்.

கேள்வி: மைக்கல் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவன் நான். எங்கள் ஊர்ப் பிள்ளை எங்கள் ஊருக்கு ஆட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும். அங்கே ஏன் அப்படி இல்லை?
– பழைய மாணவர், புளியந்தீவு

இருந்தது அண்ணே! 1965 வரை, தன் நகரத்தைச் சுற்றி 50 மைலுக்குள் ஆடிய வீரரை அந்த நகரத்து அணி மற்றவர்களுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். 1959இல் வில்ட் சேம்பர்லினை பிலடெல்பியா அப்படித்தான் எடுத்தது. வீரர் நிறைய விளையும் நகரங்களே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. இந்த லொத்தரில் அணிக்கு அணி நியாயம் பார்க்கிறார்கள், ஆடப் போகிற 19 வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எந்த நகரம், எந்தக் குளிர், எந்தப் பயிற்றுவிப்பாளர், எதுவும் அவர் கையில் இல்லை. சம்பளமும் தெரிவு இலக்கத்தின்படி முன்னரே எழுதிய கணக்கு. முழு ஏற்பாட்டிலும் எனக்கு ஒப்பாத இடம் இதுதான். நம் ஊருக்குக் கூடைப்பந்தை ஊட்டிய இயேசு சபைக் குருமார் வந்த நியூ ஓர்லியன்ஸையே பாருங்கள், வெபர் அடிகளார் பெயரில் நமக்கு மைதானமே இருக்கிறது. அந்த நகரத்து அணி 2012 லொத்தரில் அன்ரனி டேவிஸை எடுத்தது, ஏழு வருடத்தில் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு லேக்கர்ஸுக்குப் போய்விட்டார். போகிற அதே வருடம் 6 வீத வாய்ப்பில் ஸயன் வில்லியம்சன் கிடைத்தார். குலுக்கல் ஆளைக் கொண்டுவரும், நிற்க வைக்காது.

கேள்வி: சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் ஊரில் மென்பந்து கிரிக்கெட் தொடர். ஐந்து அணித் தலைவர்கள், வீரர்களைப் பிரித்து எடுக்க வேண்டும். போன வருடம் சீட்டுக் குலுக்கி எடுத்தோம், சண்டையில் முடிந்தது. இந்த முறையைக் கொண்டுவரலாமா?
– விளையாட்டுக் கழகச் செயலாளர், திருக்கோவில்

தாராளமாக. போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு 4 சீட்டு, அதற்கு மேலே உள்ளதற்கும் 4, பிறகு 3, 2, 2 என்று போடுங்கள், மொத்தம் 15. கடைசி அணிக்கும் அதற்கு முந்தியதற்கும் ஒரே எண்ணிக்கை என்றால், வேண்டுமென்றே தோற்றுக் கடைசி இடத்துக்கு இறங்குவதில் ஆதாயம் இல்லை. இந்த எண்ணிக்கையைத் தொடர் தொடங்க முன்னரே கூட்டத்தில் சொல்லிக் கையொப்பம் வாங்கி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள், முடிந்த பிறகு பேசினால் எந்த எண்ணைச் சொன்னாலும் சண்டைதான். இரண்டாம் சுற்றில் வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள், முதலில் எடுத்தவர் கடைசியில் எடுக்கட்டும்.

சீட்டுகளை ஒரே தாளில் ஒரே அளவாக வெட்டி, ஒரே மாதிரி மடிக்க வேண்டும். போடும்போது ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் குடத்துக்குள் போடுங்கள். எடுப்பது கழகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கட்டும். எடுத்து முடிந்ததும் மிச்சச் சீட்டுகளைக் கசக்கி எறிந்துவிடாமல், எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசியுங்கள். போன வருடம் நீங்கள் அதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.