‘உள் கரண்ட்’ பழைய வைத்தியமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கோவையில் 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடிந்து பத்து நாளாகிறது. அடுத்து ‘உள்ளே வைக்கும் கரண்ட்’ மூன்று தடவை என்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். இன்ஜினியரிங் படிக்கும் தம்பி, இந்தத் துறையின் ஆராய்ச்சிப் போக்கைக் காட்டும் ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இது பழைய முறை, ஆராய்ச்சி இப்போது வேறு பக்கம் போய்விட்டது” என்கிறான். வெளியிலிருந்தே இன்னும் சில நாள் வைத்து முடித்துக்கொள்ளக் கூடாதா? வீட்டில் ஒரு வயதுக் குழந்தையும் இருக்கிறது.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இந்த நோய்க்கு வெளிக் கரண்ட் தொடங்கிய நாளிலிருந்து உள் கரண்டின் கடைசித் தடவை வரை எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிப்பதுதான் நல்லது. அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. வாரத்துக்கு ஐந்து வீதம் 25 தடவை, அதன்பின் பத்து நாள் என்றால் உங்கள் அம்மாவுக்கு ஏறக்குறைய 43 நாள் போய்விட்டது. முழுதாக இரண்டு வாரம்கூட மிச்சமில்லை. வரைபட விவாதத்தைத் தம்பியிடம் நிதானமாக வைத்துக்கொள்ளலாம், தேதியை இன்றே வாங்குங்கள்.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் கணினியில் கொட்டினால் அது வட்டம் வட்டமாக வரைந்து கொடுக்கும். ஒரு சொல் அதிகக் கட்டுரைகளில் வந்தால் அதன் வட்டம் பெரிது. இரண்டு சொற்கள் ஒரே கட்டுரையில் அடிக்கடி சேர்ந்து வந்தால் இரண்டு வட்டமும் பக்கத்தில் நிற்கும். ஆளை ஏமாற்றுவது நிறம்தான். அந்தச் சொல் வரும் கட்டுரைகளெல்லாம் சராசரியாக எந்த ஆண்டில் வெளிவந்தன என்பதை வைத்து நிறம் போடுகிறார்கள். பெரும்பாலும் நீலம் பழசு, மஞ்சள் புதுசு. கர்ப்பப்பை வாய்க்குள் கதிர்வீச்சு தரும் ரேடியம் வைக்க ஆரம்பித்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. பல பத்தாண்டுகளாக விடாமல் எழுதப்படும் ஒரு விஷயத்தின் சராசரி ஆண்டு பின்னால் போகத்தான் செய்யும். லூட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்து பற்றிய கட்டுரைகளோ பெரும்பாலும் சமீபத்தியவை, அதனால் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில்கூட நிறத்தை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை, விரலியை உடைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

லூட்டீசியம் நல்ல மருந்துதான். உடலெங்கும் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் அது ஆயுளைக் கூட்டுகிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது ரத்தத்தில் ஏற்றும் மருந்து, வேறு நோய்க்கானது. உங்கள் அம்மாவின் சிகிச்சைக்கு அது மாற்று அல்ல. இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். கட்டுரை எழுதும் நாடும் நோய் சுமக்கும் நாடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 2022-இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாக வந்தது. அமெரிக்காவில் அது சுமார் 14 ஆயிரம்தான். அங்கிருந்து வரும் கட்டுரைகளில் புராஸ்டேட் வட்டம் ஊதிப் பெருத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

நீங்கள் கேட்ட “வெளியிலிருந்தே முடித்துக்கொள்ளலாமா” என்பதை அமெரிக்கா ஒரு வகையில் தெரியாமலே செய்து பார்த்துவிட்டது. அங்கே 1988-இல் இந்த நோயாளிகளில் 83 சதவீதம் பேருக்கு உள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நவீன வெளிக் கருவிகள் வந்தபின் 2009-இல் அது 58 சதவீதமாக இறங்கியது. நான்கு ஆண்டு முடிவில் இந்த நோயால் இறக்காமல் இருந்தவர்கள், உள் கதிர்வீச்சு பெற்றவர்களில் சுமார் 64 சதவீதம், பெறாதவர்களில் சுமார் 51 சதவீதம். பெறாதவர்களில் சிலர் முதலிலேயே உடல்நிலை மோசமானவர்களாக இருந்திருக்கலாம், அதனால் முழு வித்தியாசத்தையும் இதன் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் நான் இதைச் சாதாரணமாக ஒதுக்கமாட்டேன்.

இந்த முறை அப்படியே உறைந்தும் நிற்கவில்லை. 2005-க்குப் பிறகு எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து, மிச்சமிருக்கும் கட்டியின் வடிவத்துக்கேற்ப அளவு போடும் பழக்கம் வந்தது. அப்படிச் சிகிச்சை பெற்ற 1,341 பெண்களைத் தொடர்ந்து கவனித்த எம்பிரேஸ் ஆய்வு 2021-இல் வெளியானது. ஐந்தாண்டு முடிவில் 92 சதவீதம் பேருக்கு நோய் அந்த இடத்தில் கட்டுக்குள் இருந்தது. மும்பை டாடா மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தது.

வெளிக் கருவியால் ஏன் இது முடியவில்லை? சிறுநீர்ப்பை நிறைந்தால், மலக்குடல் காலியானால் கர்ப்பப்பை இடம் மாறும். வெளியிலிருந்து குறிபார்த்தால் கட்டி நகரும், பக்கத்து உறுப்புகள் அடி வாங்கும். உள்ளே வைக்கும் குழாய் கட்டியோடு சேர்ந்தே நகரும். தூரம் இரட்டித்தால் கதிர்வீச்சு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும் என்பதால் கட்டிக்கு நிறையவும் குடலுக்குக் குறைவாகவும் கொடுக்க முடிகிறது. தென்னைக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான இடங்களில் முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயும், வாய்ப்பகுதியின் இருபுறம் இரண்டு சிறு குழாய்களும் வைப்பார்கள். அசையாமலிருக்கத் துணி அடைப்பார்கள். ஸ்கேன் எடுத்து, இயற்பியலாளர் கணக்குப் போடும் வரை அப்படியே படுத்திருக்க வேண்டும். சொல்லப்போனால் இந்தக் காத்திருப்புதான் சிரமம். பிறகு குழாய்களை மெஷினோடு இணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அரிசிக் குருணை அளவு இரிடியம் என்ற கதிரியக்க உலோகம் ஒரு கம்பியின் நுனியில், சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவதுபோல, உள்ளே போய் அங்கங்கே சில விநாடி நின்றுவிட்டுத் திரும்பி பெட்டிக்குள் போய்விடும். அம்மாவை டிவியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேசவும் முடியும். “பக்கத்து பெட்காரம்மாவுக்கு எட்டு நிமிஷம், எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் பதினைந்து?” என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். சரக்கு பழசானால் அதே அளவைக் கொடுக்க நேரம் கூடும், அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது போலத் தடவை தடவையாகக் கொடுக்கும் முறையில் கம்பி வெளியே வந்தபின் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் தங்காது. வீட்டுக்கு வந்து பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டுக்கு அயோடின்-131 குடித்தவர்களைத் தனியே இருக்கச் சொல்வதைக் கேள்விப்பட்டுக் குழம்பியிருப்பீர்கள், அது வேறு.

எங்கள் கதிர்வீச்சுப் பிரிவில் சிகிச்சை அதிகம் தடைபடுவது மெஷினால் அல்ல. ஊர் நோம்பி முடியட்டும், மஞ்சள் வெட்டு முடியட்டும், மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று வரும் போன்கள்தான். அடுத்தது ரத்தம் குறைவு. கடைசி நேரத்தில் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் அன்றைய தடவை தள்ளிப்போகும், ஆகவே இரண்டு நாள் முன்பே பரிசோதித்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் 56-ஐத் தாண்டும், வாரத்துக்கு இரண்டு வைக்க முடியுமா என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டையில் சிகிச்சை என்றால் உள் கரண்டுக்குத் தனி அனுமதி தேவையா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள். வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள், அது அம்மாவின் உரிமை. கட்டி ஓரமாகப் படர்ந்து இந்தக் குழாய்கள் போதாது என்றால் ஊசிகளைச் சேர்த்து வைப்பார்கள். அதுவும் முடியாதபோதுதான் வெளிக் கரண்டைக் கூட்டுவதைப் பற்றி டாக்டரே பேசுவார்.

சிகிச்சை முடிந்த சில வாரத்தில் பிறப்புறுப்புப் பாதை வறண்டு சுருங்கலாம். அதை விரித்து வைக்க ஒரு சிறு கருவி கொடுப்பார்கள். பின்னாளில் டாக்டர் சோதித்துப் பார்க்கவும் அது தேவை. அம்மா இதைத் தம்பி எதிரில் கேட்கமாட்டார், நீங்கள் தனியாக நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.