மஞ்சள் ரத்தத்தில் ஏறுகிறதா? எலிக்கணக்கு பற்றிய கேள்வி பதில்

தாவரச் சரக்கு வயிற்றுக்குள் போனபின் எவ்வளவு ரத்தத்தில் ஏறுகிறது, எந்த உறுப்பில் தங்குகிறது என்று எலிகளில் அளப்பது என் பிழைப்பு. மாத்திரைச் சிபாரிசு கேட்காதீர்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். பாதிப் பேர் அதையே கேட்டிருக்கிறீர்கள்.

குர்குமின் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பாலிடெக்னிக் மாணவி, ஈசூன், சிங்கப்பூர்)

நல்ல கேள்வி, தங்கச்சி. குர்குமின் என்பது மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தரும் பொருள். இரண்டு கூட்டம் எலிகள். ஒன்றுக்கு வாய்வழி, இன்னொன்றுக்கு நேராக ரத்த நரம்பில் ஊசி. நரம்பில் போட்டது முழுக்க ரத்தத்தில் போய்விட்டது, அதுதான் நம் அளவுகோல். பிறகு 5 நிமிடம், 15, 30, ஒரு மணி, 2, 4, 8, 24 என்று ரத்தம் எடுத்து, அளவை வரைபடமாகப் போட்டு, கோட்டுக்கு அடியில் உள்ள பரப்பைக் கணக்கிட வேண்டும். கொடுத்த அளவுக்கு ஈடு செய்தபின், வாய்வழிப் பரப்பு நரம்புவழிப் பரப்பில் எத்தனை பங்கோ, அதுவே விடை. எலியில் குர்குமினுக்கு ஏறத்தாழ 1% வரும்.

சொல்வது சுலபம். 250 கிராம் எலியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 16 மில்லிதான். ஒவ்வொரு தடவையும் 0.2 மில்லிக்கு மேல் ஆசைப்பட்டால் எலி சோர்ந்துவிடும், உங்கள் கணக்கும் கெட்டுவிடும். வாலை வெதுவெதுப்பாக்கினால் நரம்பு எழும்பும். எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் சுழற்றுங்கள், மேலே வைக்கோல் நிறத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நிற்கும். தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். 37 டிகிரியில், பிஎச் (அமில–கார அளவு) 7.4 கரைசலில், குர்குமின் அரை மணியில் 90% சிதைந்துவிடும்.

எந்த அறிக்கையைப் படித்தாலும் முதலில் கேளுங்கள்: எந்த வடிவத்தை அளந்தார்கள்? குடலும் கல்லீரலும் குர்குமினோடு குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகை அமிலத்தை ஒட்டி வைத்துவிடும். நொதி போட்டு அந்த ஒட்டைப் பிரித்துவிட்டு எல்லாவற்றையும் 'குர்குமின்' என்று எழுதினால், எண் கிடுகிடுவென ஏறும்.

மூளைக்குப் போகிறதா? (புங்கோல்)

உறுப்பை வெட்டுவதற்கு முன் ரத்தத்தை உப்புநீரால் கழுவினார்களா என்று பாருங்கள். கழுவும்போது கல்லீரல் கருஞ்சிவப்பிலிருந்து வெளிறுவது கண்ணுக்கே தெரியும். மூளையின் கொள்ளளவில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு அதிலுள்ள ரத்தம்தான். கழுவாத மூளையில், ரத்தத்தில் உள்ளதில் 2% கிடைத்தது என்றால், அளந்தது மூளையை அல்ல, ரத்தத்தை. அப்புறம், எந்த வடிவம்?

மிளகு சேர்த்தால் இருபது மடங்கு என்கிறார்களே? (ஜூரோங்)

1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வு. மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் (மிளகின் காரப்பொருள்) கொடுத்தபோது 2000% உயர்வு. அதே ஆய்வில் எலிக்கு 154% தான். பைபரின், அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. ஆனால் மிளகில்லாமல் மனித ரத்தத்தில் குர்குமின் கண்டுபிடிக்க முடியாத அளவில், அல்லது மிகமிகக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய இல்லாத ஒன்றின் இருபது மடங்கு!

தேக்காவில் நாற்பது வருடம் சரக்கு விற்றவன் நான். எங்கள் ஆத்தா மஞ்சளையும் மிளகையும் பாலில் போட்டுத்தான் கொடுத்தது. அது பொய்யா, தம்பி?

பொய் என்று நான் எங்கே சொன்னேன், அண்ணே? அளவைத்தான் சொல்கிறேன். மஞ்சள்தூளில் சுமார் 3% தான் குர்குமின். ஒரு தேக்கரண்டி 3 கிராம் என்றால் 90 மில்லிகிராம் வரும். அந்த 2 கிராமுக்கு இருபதுக்கு மேல் தேக்கரண்டி வேண்டும். ஆத்தா அவ்வளவு போட்டிருந்தால் நீங்கள் குடித்திருக்க மாட்டீர்கள். பாலில் கொழுப்பு இருக்கிறது, குர்குமின் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். அந்த வகையில் ஆத்தாவின் கை நல்ல கை.

எலிக்குக் கிலோவுக்கு 2 கிராம் கொடுத்தார்களாம். அப்படியென்றால் நான் 120 கிராம் சாப்பிடலாமா? (மறுபடியும் அதே அண்ணன்)

கேலிதானே? சரி, கேட்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். எலியின் உடற்பரப்பு எடைக்கு அதிகம், அதனால் 6.2 ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு 19 கிராம் வரும். அதுவும் ஆய்வைத் தொடங்குவதற்கான மதிப்பீடுதான், சமையல் குறிப்பு இல்லை. எலிக்குப் பித்தப்பை கிடையாது, தன் புழுக்கையைத் தானே தின்னும். தடுக்காவிட்டால் சரக்கு இரண்டாம் முறை உள்ளே போய், வரைபடத்தில் இன்னொரு மேடு எழும்பலாம்.

அப்பா ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார், மஞ்சள்–மிளகு மாத்திரை கொடுக்கலாமா? (செங்காங்)

பாலிகிளினிக் மருந்தாளரிடம் மாத்திரைப் போத்தலோடு போங்கள். பைபரின், புரோப்ரனோலால் (ரத்தக் கொதிப்பு மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) போன்றவற்றின் ரத்த அளவையும் ஏற்றும். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எந்த மாத்திரை நல்லது? இது ஐந்தாவது தடவை. மேலே போய்ப் படியுங்கள்.

நிலவேம்பு பற்றி? நான் அளந்ததில்லை.

வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, போகுமா? (அங் மோ கியோ)

சோப்புப் போட்டதும் சிவந்தால் பயப்படாதீர்கள், காரம் பட்டால் அப்படித்தான். அலசிவிட்டு மூங்கில் கழியில் நல்ல வெயிலில் போடுங்கள். வெளிச்சம் குர்குமினைச் சிதைக்கும். ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பயந்தே பழுப்புக் குப்பி வைத்திருக்கிறோம்.