ஓடுகிற கணினியில் டிரைவரை மாற்றலாமா?

தம்பி, களுவாஞ்சிக்குடியில் நீங்கள் பார்க்கும் 12 பில்லிங் கணினிகளில் மூன்றில் மட்டும் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுகிறது, எல்லாவற்றுக்கும் ரியல்டெக் டிரைவரை (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளை) புதுப்பிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். ஒழுங்காக ஓடும் ஒன்பதையும் தொடவே வேண்டாம்.

முதலில் அந்த மூன்றின் நெட்வொர்க் வயரையும், அது நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியில் செருகியிருக்கும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். கல்லடியில் கடற்கரையோரக் கடை ஒன்றில் நான் இரண்டு நாள் டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பு! உப்புக் காற்றின் வேலை.

வயர் சரியென்றால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க கார்டை அணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஒரேயொரு கணினியில், கடை பூட்டிய பிறகு, புதிய டிரைவரைப் போடுங்கள். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க்கில் செய்யப் போகாதீர்கள். நடுவில் இணைப்புப் போனால் இரவில் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டிவரும். பழைய டிரைவர் பென்டிரைவில் இருக்கட்டும். நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரியான ஐபி எண்ணையும் எழுதிவையுங்கள். கார்டை அன்இன்ஸ்டால் செய்தால் கையால் கொடுத்த ஐபி போய்விடும், அப்புறம் பில் பிரின்டரைத் தேடி அலைய வேண்டும்.

ஒரு கிழமை ஓடட்டும். பிறகு மற்ற இரண்டையும் பார்க்கலாம்.