வாசகர் கேள்வி: சிரிப்பு எங்கே பிறக்கிறது?

கேள்வி: சில நகைச்சுவைக் காட்சிகளை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. அண்மையில் நான் பார்த்த ஒரு படத்திலோ நகைச்சுவை நடிகர் ஓயாமல் பேசியும் அரங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. காரணம் என்ன?

பதில்: திரையில் இருப்பவருக்குத் தாம் சிரிப்பு மூட்டுகிறோம் என்பது தெரியாமல் இருக்கும்வரைதான் நமக்குச் சிரிப்பு வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் மகனாகிய நாகேஷ் தம் தந்தை பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதை சொல்பவருக்கு அதில் துளியும் விளையாட்டு இல்லை. கேட்பவரோ பயத்தில் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போகிறார். அதிகம் பேசுபவர் நாகேஷ்தான் என்றாலும், நம் கண் பாலையாவின் முகத்தைவிட்டு அகலுவதில்லை. அந்த முகம் உண்மையாகவே பயந்திராவிட்டால், நாகேஷ் எவ்வளவு திறமையாகச் சொல்லியிருந்தாலும் காட்சி பாதியிலேயே விழுந்திருக்கும். நல்ல நகைச்சுவைக்குப் பேசுபவரைப் போலவே கேட்பவரும் தேர்ந்த நடிகராக இருக்க வேண்டும்.

'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியும் அப்படித்தான். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்ன கவுண்டமணி ஒன்று எங்கே என்று கேட்கிறார். கையில் இருப்பதைச் செந்தில் காட்டுகிறார். இன்னொன்று எங்கே என்றால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். 'இன்னொன்று' என்ற ஒரே சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டு, தத்தம் நியாயத்திலிருந்து இம்மியும் நகராமல் நிற்கிறார்கள். அங்கே செந்தில் ஒரு கணம் குறும்பாகச் சிரித்திருந்தால்கூட அது வெறும் ஏமாற்று வேலையாகச் சுருங்கியிருக்கும்.

தோற்கும் காட்சிகளில் பெரும்பாலும் எழுதியவரே முதலில் சிரித்துவிடுகிறார். ஒருவரின் நிறத்தையோ பருமனையோ உவமை அடுக்கிப் பழிக்கும் வசனத்தில் பாத்திரமும் இல்லை, சூழலும் இல்லை. அதைக் கேட்டுச் சிரிக்க மறுக்கும் பார்வையாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதிகள் இப்போது குறைந்துவருவது நல்லதா?

பதில்: தனிப் பகுதி என்பதாலேயே ஒன்று மட்டமாகிவிடாது, என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அத்தகைய பகுதிகளில்தான் தமக்கென ஒரு பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தார்கள். ஆனால் கதைக்குள் பிறக்கும் நகைச்சுவைக்கு ஒரு கூடுதல் வலிமை உண்டு. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் கல்யாணப் பந்திக்கான சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. சமையல்காரர்களுக்கோ அது மானப் பிரச்சினை, பிழைப்புப் பிரச்சினை. அவர்கள் பதறப் பதற நாம் சிரிக்கிறோம்.

கேள்வி: வசனத்துக்கு வசனம் பின்னணியில் ஒலிக்கும் விநோத ஓசைகள் தேவையா?

பதில்: தேவையில்லை. இந்த இடத்தில் சிரியுங்கள் என்று நமக்குக் கட்டளையிடும் ஓசைகள் அவை. அடுத்த வசனத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகின்றன. நான் முதலில் சொன்ன பேய்க்கதைக் காட்சியிலும் விநோத ஓசைகள் உண்டு. ஆனால் அவற்றைத் தம் வாயாலேயே எழுப்புபவர் நாகேஷ். நடுங்கவைக்க நினைப்பதும் நம்மை அல்ல, பாலையாவை.