பைசன், ஃபிளெக்ஸ் உருவாக்கும் கோப்புகள் இருந்தால் பில்ட் சிலநேரம் மட்டும் உடைவது ஏன்? அவற்றை கிட்டில் சேர்க்கலாமா?

பைசன் என்பது இலக்கணக் கோப்பிலிருந்து பார்சரையும், ஃபிளெக்ஸ் என்பது சொற்களைப் பிரிக்கும் லெக்சரையும் சி நிரலாக எழுதித் தரும் கருவிகள். பில்ட் கருவியான மேக்கை -ஜே8 (எட்டு வேலைகள் இணையாக) என்று ஓட்டும்போது மட்டும் ‘பார்சர்.டேப்.எச் கிடைக்கவில்லை’ என்று வருகிறது, மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். கம்பைலரைச் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் மேக்ஃபைலில் ஒரு சார்பு (எதற்கு முன் எது தயாராக வேண்டும் என்ற குறிப்பு) விடுபட்டிருக்கிறது.

டோக்கன்களுக்கான (லெக்சர் பிரித்துத் தரும் சொல் வகைகள்) எண்கள் இருக்கும் ஹெடரை, அதாவது பார்சர்.டேப்.எச்சை, எழுதுவது பைசன். ஃபிளெக்ஸ் தரும் லெக்சர் அதை இன்க்ளூட் செய்கிறது. வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால், பட்டியலில் பார்சர் முன்னால் இருக்கும் புண்ணியத்தில் எல்லாம் ஒழுங்காக முடியும். இணையாக ஓடினால் பைசன் முடிப்பதற்குள் லெக்சரின் கம்பைல் தொடங்கிவிடும். ‘-எம்எம்டி போட்டிருக்கிறேனே, ஹெடர் சார்புகளை ஜிசிசி கம்பைலரே எழுதித் தருமே’ என்று நினைக்கலாம். தரும், ஆனால் முதல் கம்பைல் முடிந்த பிறகுதான். புதிதாக க்ளோன் செய்த இடத்தில் அந்தத் தகவலே இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக பில்ட் செய்து பார்க்கும் சிஐ சர்வரில் அடிக்கடியும் உங்கள் மெஷினில் எப்போதாவதும் உடைவது இதனால்தான். லெக்சர்.ஓ அந்த ஹெடரைச் சார்ந்தது என்று கைப்பட ஒரு வரி எழுதிவிடுங்கள். மேக்ஃபைலை உருவாக்கித் தரும் சிமேக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஏட்_ஃபிளெக்ஸ்_பைசன்_டிபென்டென்சி இதற்காகவே இருக்கிறது.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. சி கோப்பு, ஹெடர் இரண்டையும் ஒரே விதியின் இடப்பக்கம் எழுதினால், மேக் அதை இரண்டு தனி விதிகளாகத்தான் படிக்கும். பைசன் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடும். ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மற்றொன்று அழித்து எழுதும். 2020இல் வந்த க்னூ மேக் 4.3 முதல், முக்காற்புள்ளிக்கு முன் ‘&’ குறி போட்டால் இரண்டும் ஒரே ஓட்டத்தில் உருவாகின்றன என்று அதற்குப் புரியும். மேக்ஓஎஸ் கூடவே தரும் மேக் 3.81க்கு இது தெரியாது. அங்கே ‘%’ வைத்த பேட்டர்ன் விதி எழுதுங்கள். விசித்திரம்தான், ஆனால் அதில் பல இலக்குகள் இருந்தால் மேக் ஒரே ஓட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

சரி, கிட்டில் சேர்க்கலாமா? வேண்டாம் என்பேன். எதை மறுபடி உருவாக்குவது என்று கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை வைத்தே மேக் முடிவு செய்கிறது; அந்த நேரத்தை கிட் பாதுகாப்பதில்லை. செக்அவுட் ஆகும்போது இலக்கணக் கோப்பு ஒரு நொடி பிந்தி எழுதப்பட்டால் போதும், எதுவும் மாறாமலே மேக் பைசனை அழைக்கும். பைசன் இல்லாத மெஷினில் பில்ட் நிற்கும். வேறு பதிப்பு இருந்தால் யாரும் படிக்க விரும்பாத நீளத்துக்கு டிஃப் (மாற்றப் பட்டியல்) வரும். லினக்ஸ் கர்னலும் முன்பு இவற்றை உருவாக்கியே வைத்திருந்தது. 2018இல் வந்த 4.16 முதல் பில்டின்போதே உருவாக்குகிறது. தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் 17 முதல் அதன் டார்பாலில்கூட (வெளியிடும் மூலநிரல் தொகுப்பு) இவை இல்லை. உங்கள் பயனர்களிடம் பைசன் இருக்காது என்றால் வெளியீட்டு டார்பாலில் மட்டும் வையுங்கள். மேக்ஃபைல் எழுதித் தரும் ஆட்டோமேக்கின் ‘மேக் டிஸ்ட்’ அதைத் தானாகவே செய்கிறது.

அப்புறம், லெக்சருக்கும் பார்சருக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். கால்க்.எல், கால்க்.ஒய் இரண்டுக்குமே மேக்கின் உள்ளமைந்த விதி கால்க்.சி என்றுதான் வெளியீடு தரும். கையால் எழுதிய கால்க்.சி ஏற்கெனவே அங்கே இருந்தால், அதன் மேலேயே எழுதிவிடவும் கூடும். -ஆர் கொடுத்து உள்ளமைந்த விதிகளை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.