பத்திரிகைப் படத்தில் புள்ளி போகட்டும், முகம் நிற்கட்டும்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். 1960களில் பத்திரிகையில் வந்த ஒரு தீமிதிப் படத்தில் எங்கள் தாத்தா கரகத்தோடு நிற்கிறார். அந்த நறுக்கை ஸ்கேன் செய்தால் படம் முழுக்கப் புள்ளியும் அலைக்கோடும்தான் தெரிகிறது. ப்ளர் செய்தால் முகமும் கரைந்துபோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ப்ளரை விட்டுவிடுங்கள். அதற்குப் புருவமும் அச்சுப் புள்ளியும் ஒன்றுதான். நுணுக்கமாக இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஃபூரியர் உருமாற்றம்.

அந்தக் காலப் பத்திரிகை அச்சில் சாம்பல் நிற மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளைப் பெரிதும் சிறிதுமாக வைத்துத்தான் சாம்பலைக் காட்டுவார்கள். புள்ளியின் அளவு மாறும், இடைவெளி மாறாது. நமக்குப் பிடி கிடைப்பது அங்கேதான். ஃபூரியர் உருமாற்றம் படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும்போது முகமும் வேட்டியும் நடுவிலிருந்து பரவிக் கிடக்கும். சீரான புள்ளி வலை மட்டும் சில இடங்களில் பளிச்சென்று குவிந்து நிற்கும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல அவற்றை மட்டும் எடுத்துவிடலாம்.

முதலில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்), கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்களோடு), டிஃப் கோப்பு. ஒரு புள்ளிக்குப் போதிய பிக்சல் இல்லையென்றால் அச்சில் இல்லாத அலைக்கோடு முளைக்கும். முளைத்த பிறகு எடுப்பது கடினம். ஜேபெக் வேண்டாம். அது 8×8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குவதால் தன் பங்குக்கு இன்னொரு வலையைப் போட்டுவிடும்.

அப்புறம் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து எஃப்எஃப்டி (ஃபூரியர் உருமாற்றத்தைச் செய்யும்) கட்டளை கொடுங்கள். பத்திரிகை வலை அங்குலத்துக்கு 85 புள்ளி வரிசை என்று வைத்துக்கொண்டால், 600 டிபிஐயில் ஏழு பிக்சலுக்கு ஒரு புள்ளி வரும். 2048 பிக்சல் சதுரப் படத்தில், நடுவிலிருந்து சுமார் 290 பிக்சல் தள்ளி அந்த வெளிச்சம் தெரியும். வலையை வழக்கமாக 45 பாகை சாய்த்துத்தான் வைப்பார்கள், அதனால் மூலைகளை நோக்கித் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரெதிரே ஒரு ஜோடி இருக்கும். இரண்டையும் சிறிய கறுப்பு வட்டத்தால் மூடிவிட்டு, தலைகீழ் எஃப்எஃப்டி கொடுங்கள், அலைகள் மறுபடி படமாகும். வட்டம் பெரிதானால் முக ஓரங்களில் நிழல் வரிகள் விழும். நடுப்புள்ளியைத் தொடவே கூடாது. படத்தின் மொத்த வெளிச்சமும் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அச்சில் முகம் ஒரு சென்டிமீட்டர் அகலம் என்றால் குறுக்கே சுமார் 33 புள்ளிதான். அதற்கு மேல் விவரம் அந்தக் காகிதத்திலேயே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கண்ணையும் உதட்டையும் கூர்மையாக்கித் தரும், ஆனால் அவை தாத்தாவின் கண்களாக இருக்காது. அதைவிட, அன்று எடுத்த புகைப்படத்தின் பிரதி உறவினர் வீட்டு ஆல்பங்களிலோ கோயில் அலுவலகத்திலோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.